பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் கூட்டமும் நம் குடும்பமும்: தீம் பார்க் கேள்வி பதில்

சன்வே லகூன் தண்ணீர்ப் பூங்காவுக்கோ கெந்திங் மலையில் இருக்கும் பூங்காவுக்கோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற கோலாலம்பூர் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. நூறு, நூற்றைம்பது பேர் ஒரே நிற டீ-சட்டையில் வந்து இறங்கி, வரிசையை அடைத்து, சாப்பாட்டுக் கடையை நிரப்பி, கூச்சலும் கைதட்டலுமாக நகரும்போது நாம் என்ன செய்வது? கோபத்தால் எந்த வரிசையும் நகர்வதில்லை. அந்தக் குழுக்களின் நேரக்கணக்கு தெரிந்தால் பாதிச் சிரமத்தை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே தவிர்த்துவிடலாம்.

குழுக்கள் அதிகம் வராத நாள் என்று ஒன்று இருக்கிறதா?

பள்ளி நடக்கும் வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் நாட்டுப் பள்ளி நாள்காட்டியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கோலாலம்பூர் பூங்காக்களின் கூட்டத்தை நான்கு நாடுகளின் விடுமுறைகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

முதலில் மலேசியா. பெருந்தொற்றுக் காலத்தில் மார்ச்சுக்குத் தள்ளிப்போன பள்ளி ஆண்டுத் தொடக்கம் 2026 முதல் மறுபடியும் ஜனவரிக்கு வந்துவிட்டது. அதனால் நீண்ட விடுமுறையும் பழையபடி ஆண்டுக் கடைசிக்குத் திரும்பியிருக்கிறது. அடுத்து சிங்கப்பூர். அங்கே ஜூன் மாதம் முழுவதும், பிறகு நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும்வரை பள்ளி கிடையாது. சீனாவில் மே முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும் நீண்ட விடுமுறை, அதோடு சீனப் புத்தாண்டு. தமிழ்நாட்டில் கோடை விடுமுறை மே மாதம் முழுக்க நீளும். சீன, இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா வர விசா தேவையில்லை என்றான பிறகு இந்த இரண்டு நாடுகளின் விடுமுறைகளையும் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. கெடா, கிளந்தான், திரெங்கானு மாநிலங்களுக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும். அங்கிருந்து புறப்படும் பஸ்கள் வெள்ளிக்கிழமையே வந்துவிடும். நமக்கு அது வேலைநாள், பூங்காவுக்கு அது வார இறுதி. ஜொகூர் மட்டும் 2025 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது.

ஆண்டிறுதி விடுமுறைக்கு முந்தைய வாரங்களிலும் கவனம் வேண்டும். தேர்வு முடிந்ததும் பள்ளிகள் சுற்றுலா கிளம்புகிற காலம் அது, பெரும்பாலும் வேலைநாளில். "புதன்கிழமைதானே, காலியாக இருக்கும்" என்று விடுப்பு எடுத்துக்கொண்டு போய், வாசலில் பத்துப் பள்ளிப் பேருந்துகளைப் பார்க்கிறவர்கள் நிறைய.

ஒரே நாளுக்குள் எந்த நேரம் நல்லது?

குழு எதுவானாலும் அது பஸ்ஸின் நேரத்துக்குக் கட்டுப்பட்டது. எல்லோரும் சாப்பிட்டு, ஏறி, தலை எண்ணி, நெரிசலில் வந்து, வாசலில் இறங்கி, மறுபடியும் தலை எண்ணி உள்ளே நுழைவதற்குள் திறந்து ஒரு மணி நேரம் போய்விடும். பகல் 12 மணி சுமாருக்கு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். மாலை 4 மணிக்குமேல் பஸ்ஸுக்குத் திரும்பத் தொடங்குவார்கள்.

அதற்கு எதிர்த்திசையில் உங்கள் நாளை அமையுங்கள். திறக்கும் நேரத்துக்கு அரைமணி முன்பே வாசலில் இருங்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுகிற ரைடில் நிற்காமல் கடைசி மூலைக்குப் போய்விடுங்கள், கூட்டம் வாசலிலிருந்துதான் உள்ளே பரவும். பதினொன்றேகாலுக்குச் சாப்பிட்டுவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு மணிக்கு மேல் சாப்பிடுங்கள். நடுவில் குழுக்கள் சாப்பிட உட்காரும் அந்த ஒரு மணி நேரத்தைப் பெரிய ரைடுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சன்வே லகூன் பொதுவாக மாலை 6 மணிக்கு மூடுவதால் அங்கே கடைசி ஒன்றரை மணி நேரத்தைப்போல் நல்ல நேரம் வேறில்லை.

கெந்திங்கில் கணக்கு கொஞ்சம் வேறு. தமிழ்நாட்டிலிருந்து வருகிற பல குழுக்களுக்குக் காலையில் பத்துமலை, அங்கிருந்து நேரே கெந்திங், மாலையில் திரும்பிக் கோலாலம்பூரில் இரவு உணவு என்றுதான் திட்டம் போட்டுக் கொடுப்பார்கள். அதனால் அவானா ஸ்கைவே கேபிள் காரில் ஏறும் நெரிசல் முற்பகலிலும் இறங்கும் நெரிசல் மாலையிலும் வரும். நீங்கள் காலையில் முதல் ஆளாக ஏறி, இருட்டிய பிறகு இறங்குவதுபோல் வைத்துக்கொண்டால் இரண்டிலிருந்தும் தப்பலாம்.

மழையை மறந்துவிட வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை சகஜம். மின்னல் வந்தால் வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். குழுக்களுக்குக் காத்திருக்க நேரமில்லை, பஸ் ஏறிவிடும். ஒரு செட் மாற்றுத்துணியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் மழை விட்ட பிறகு பூங்கா கிட்டத்தட்ட உங்களுடையதுதான். இம்பி மோனோரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் பெர்ஜெயா டைம்ஸ் ஸ்குவேர் உள்ளரங்குப் பூங்காவில் இது நேர்மாறு. மழை பெய்தால் அங்கேதான் எல்லோரும் ஒதுங்குவார்கள்.

எனக்கு முன்னால் 80 பேர் நிற்கிறார்கள். காத்திருப்பதா, வேறு ரைடுக்குப் போவதா?

ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த ரைடு ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்குகிறது என்பதே முக்கியம்.

ஒரு ரோலர் கோஸ்டரில் 24 இருக்கைகள், மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 480 பேர். இரண்டு பஸ் நிறைய வந்த 80 பேர் உங்களுக்கு முன்னால் நின்றாலும் பத்தே நிமிடம்தான் கூடுதல். நான்கு பேர் உட்காரும் ரப்பர் மிதவை, நிமிடத்துக்கு ஒன்று போகிறது என்றால் அதே 80 பேருக்கு 20 நிமிடம். ஒவ்வொருவராக அரை நிமிடத்துக்கு ஒருவர் இறங்கும் சறுக்கு என்றால் 40 நிமிடம்.

நின்ற இடத்திலேயே இதைக் கணக்கிடலாம். ஐந்து நிமிடத்தில் எத்தனை பேர் இறங்கி வெளியே வருகிறார்கள் என்று எண்ணி 12ஆல் பெருக்குங்கள். அந்த எண் 400ஐத் தாண்டினால் தயங்காமல் நில்லுங்கள். 150க்குக் கீழே என்றால் குழு போகும்வரை வேறெங்காவது போய் வாருங்கள். குழு ஒரு ரைடில் ஏறினால் முழுக் குழுவும் ஏறும், ஆனால் பெரும்பாலும் ஒருமுறைதான். முக்கால் மணி கழித்துத் திரும்பினால் அங்கே அவர்கள் இருக்கமாட்டார்கள்.

ஒருவர் வரிசையில் நிற்கிறார், பிறகு பதினைந்து பேர் வந்து அவரோடு சேர்ந்துகொள்கிறார்கள். எப்படிச் சொல்வது?

இதுதான் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. பலர் மனதுக்குள்ளேயே கொதித்து, கடைசியில் வீட்டுக்காரர் மேலோ பிள்ளைகள் மேலோ எரிந்து விழுகிறார்கள். சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டும். அதை நேரத்தோடு, குரலை உயர்த்தாமல், சரியான ஆளிடம் சொன்னால் போதும்.

சரியான ஆள் பெரும்பாலும் அந்தப் பதினைந்து பேரில் இருக்கமாட்டார். குழுவுக்கு ஒரு தலைவர் இருப்பார். கொடியோ குடையோ பிடித்திருப்பார், இல்லையென்றால் கழுத்தில் அட்டை தொங்கும். மலேசியாவில் உரிமம் பெற்ற பொதுச் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு நீல நிற அட்டை உண்டு, அந்த உரிமம் சுற்றுலா அமைச்சு கொடுப்பது. அவருக்குத் தன் உரிமம் பெரிது. அவரிடம் போய், "உங்க ஆளுங்க பின்னாலேர்ந்து வந்து நடுவுல சேர்றாங்க, கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொன்னால் பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் நாமே போய் வாதாடினால் அவர்கள் நண்பர்கள் முன்னால் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் முப்பது பேரும் பின்னால் போய் நிற்பார்கள்.

தலைவர் கண்ணில் படவில்லையா? முதலில் ஒரு சிரிப்பு, பிறகு கையால் வரிசையின் கடைசியைக் காட்டுதல், பிறகு ஒரு வாக்கியம். மலாயில் "மாஃப் யா, தோலோங் பெராத்தூர்" போதும். மாண்டரின் பேசுகிறவர்களிடம் "சிங் பாய்துவெய்" என்றால் புரிந்துகொள்வார்கள். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்தவர்கள் என்றால் இன்னும் சுலபம்: "அண்ணா, லைன் அங்கேர்ந்து வருது, எல்லாரும் ரொம்ப நேரமா நிக்கிறாங்க." வெளிநாட்டில் திடீரென்று தமிழ் கேட்டதும் அவர்கள் முகமே மாறிவிடும். "ஐயோ, கவனிக்கலைங்க" என்று நகர்ந்துவிடுவார்கள்.

மூன்று நான்கு பேர் என்றால் விட்டுவிடுங்கள். கழிவறைக்குப் போன பிள்ளையும் அம்மாவும் திரும்பி வருவதை வரிசை மீறல் என்று சொல்ல முடியாது. பத்துப் பேருக்கு மேல் என்றால், நீங்கள் சொல்லியும் கேட்கவில்லை என்றால், ரைடு ஊழியரிடம் சொல்லுங்கள். அவரிடம் "அவர்களைத் துரத்துங்கள்" என்று கேட்காதீர்கள், "நாங்கள் நீலச் சட்டைக் குழுவுக்கு முன்னால் நின்றோம்" என்று சொல்லுங்கள். உச்சி வெயிலில் எட்டு மணி நேரம் நிற்கிற இளம்பிள்ளை அவர். சண்டையைத் தீர்ப்பதைவிட ஒரு குடும்பத்தை முன்னால் ஏற்றிவிடுவது அவருக்கு எளிது.

இரண்டு காரியங்கள் வேண்டவே வேண்டாம். பிறர் பிள்ளைமேல் கை வைக்காதீர்கள், தோளில் தட்டுவதுகூட. கைப்பேசியில் படம்பிடித்து இணையத்தில் போட்டு அவமானப்படுத்தாதீர்கள். அதில் தெரியப்போவது பதிமூன்று வயதுப் பிள்ளையின் முகம்.

கூடுதல் பணம் கட்டி வரிசையில் முந்திப்போகும் எக்ஸ்பிரஸ் டிக்கெட் வாங்கினால் தீர்ந்துவிடுமா?

பொது விடுமுறையில் போகத்தான் வேண்டும், வேறு நாளே இல்லை என்றால் வாங்கலாம். வேலைநாளில் வீண்செலவு. எந்தெந்த ரைடுக்குச் செல்லும், ஒருமுறையா பலமுறையா என்று வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். 2022 பிப்ரவரியில் திறந்த கெந்திங் ஸ்கைவோர்ல்ட்ஸ் பூங்காவில் கைப்பேசிச் செயலி வழியாக வரிசையில் இடம்பிடிக்கும் முறையும் உண்டு. செயலியை மலையேறிய பிறகு தேடாமல் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டியும் வருகிறார். மகனுக்கு ஆட்டிசம், கூச்சல் தாங்கமாட்டான். போகலாமா?

தாராளமாகப் போகலாம். இவர்கள் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று சொல்லும் உரிமை எந்தக் கூட்டத்துக்கும் கிடையாது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு சமூகநலத் துறை மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கும் ஓகேயூ அட்டை பெறலாம், கற்றல் குறைபாட்டுப் பிரிவில் அது வரும். இன்னும் எடுக்கவில்லை என்றால் தீம் பார்க்குக்காக இல்லாவிட்டாலும் எடுத்துவிடுங்கள், வாழ்நாள் முழுக்கப் பயன்படும். பூங்கா நுழைவாயிலில் அட்டையைக் காட்டி, கட்டணச் சலுகை உண்டா, வரிசையில் என்ன உதவி செய்வீர்கள், அமைதியான இடம் எங்கே என்று மூன்றையும் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

சத்தத்தைத் தடுக்கும் காதுறை கையில் இருக்கட்டும். குழுக்கள் கோஷமும் பாட்டும் எழுப்புவது பெரும்பாலும் வரிசையில் அடைபட்டு நிற்கும்போதுதான், கூரையுள்ள வரிசையில் அது இரண்டு மடங்காகக் கேட்கும். ஆகவே ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் பிள்ளையோடு வெளியே காத்திருந்து கடைசியில் சேர்ந்துகொள்ளலாமா என்று ஊழியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பாட்டிக்கு நிழலில் நல்ல இடம் பார்த்து, பிள்ளைகள் வந்து சேரும் இடமாக அதையே வைத்துக்கொண்டால் அவருக்கும் தனிமை இருக்காது.

கூட்டத்தில் பிள்ளை தவறிவிட்டால்?

காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பிள்ளையை முழு உருவமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டை நிறம் நினைவுக்கு வராது. உங்கள் கைப்பேசி எண்ணைப் பிள்ளையின் முழங்கைக்குக் கீழே அழியாத மையில் எழுதுங்கள், தண்ணீர்ப் பூங்காவில் காகிதம் நிலைக்காது. ஒரே நிறச் சட்டை அணிந்த பெருங்கூட்டம் நகரும்போது சின்னப் பிள்ளைகள் அதோடு சேர்ந்தே நடந்துவிடுவார்கள். "நீ நின்ற இடத்திலேயே நில், நாங்கள் வருவோம்" என்பதை முன்பே சொல்லிப் பழக்குங்கள். அலைக்குளத்தில் மட்டும் இது போதாது. அங்கே பெரிய குழு இறங்கியிருக்கும்போது ஆளுக்கொரு பிள்ளை, கைக்கெட்டும் தூரத்தில். அதில் சமரசம் வேண்டாம்.

தள்ளுமுள்ளு ஆபத்தாக மாறுகிறது என்று எப்படித் தெரியும்?

ஒரு சதுர மீட்டரில் நான்கைந்து பேருக்கு மேல் நெருங்கினால் மனிதர்கள் தங்கள் விருப்பப்படி நகர முடியாது. கையை முகத்துக்கு உயர்த்த முடியவில்லை, நாலு பக்கமும் உடம்பு இடிக்கிறது என்றால் அந்த நிலை வந்துவிட்டது. 2022 அக்டோபர் 29 அன்று சியோலின் இத்தேவோன் சந்தில் 150க்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி இறந்தது இப்படிப்பட்ட நெரிசலில்தான். பூங்காக்களில் அந்த அளவுக்குப் போவது அபூர்வம். ஆனால் வாண வேடிக்கை முடியும் நேரம், திடீர் மழை, குறுகிய பாலம், மாடிப்படி, இவற்றில் கவனம் தேவை. கைகளை மார்புக்கு முன்னால் குத்துச்சண்டைக்காரரைப்போல் வைத்து மூச்சுக்கு இடம் உண்டாக்குங்கள். கூட்டத்தை எதிர்க்காமல் அது போகிற திசையிலேயே மெல்ல ஓரத்துக்குச் சாய்ந்து நகருங்கள். சின்னப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள். கீழே விழுந்த செருப்பை எடுக்கக் குனியாதீர்கள்.

"அந்த நாட்டுக்காரர்கள் வந்தாலே இப்படித்தான்" என்கிறார்களே?

இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை, பிள்ளைகள் காதில் விழும்படி பேசுவதை இன்னும் ஏற்கவில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா டிஸ்னி வோர்ல்டில் ஜூலை மாதம் பிரேசில் நாட்டு இளைஞர் குழுக்கள் பாட்டும் கோஷமுமாக வருவதைப் பற்றி அங்குள்ளவர்கள் இதே வார்த்தைகளால் குறைப்படுகிறார்கள். பிரேசிலில் அப்போது குளிர்காலப் பள்ளி விடுமுறை, அவ்வளவுதான். ஐம்பது பதின்ம வயதினரை வீட்டிலிருந்து வெகுதூரம் கூட்டிப்போனால் எந்த நாட்டுப் பிள்ளைகளும் சத்தம் போடுவார்கள். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் பாடிக்கொண்டு போவதை நாம் உற்சாகம் என்கிறோம். மற்றவர்களின் பிள்ளைகளுக்கும் அதே பெயர் பொருந்தும்.

குறை சொல்லவேண்டுமென்றால் கண்காணிக்க ஆள் கொடுக்காமல் குழுவை அனுப்பும் ஏற்பாட்டாளரையும், ஒரே நேரத்தில் இருபது பஸ்ஸை உள்ளே விடும் பூங்காவையும் சொல்லுங்கள். நேரத்தைப் பிரித்துக் கொடுத்தால் பாதி நெரிசல் தானாகக் குறையும். அது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

பினாங்குக்குப் போகிறோம். அங்கேயும் இதேதானா?

கெடா பக்கத்திலேயே இருப்பதால் அங்கே வெள்ளிக்கிழமைக் கணக்கு இன்னும் முக்கியம். தெலுக் பஹாங்கில் இருக்கும் எஸ்கேப் பூங்காவின் நீண்ட சறுக்கு 1,111 மீட்டர், 2019ல் கின்னஸ் சாதனை. ஆளுக்கொரு மிதவையில் போகும் ரைடு என்பதால் மெதுவாகத்தான் வரிசை நகரும், அதைக் காலையில் முதலாவதாக முடித்துவிடுங்கள். கொடிமலை (பினாங்கு ஹில்) ரயிலில் ஒரு பெட்டிக்கு 100 பேர் வரை ஏறலாம். இரண்டு பஸ் குழு முன்னால் நின்றால் ஒரு வண்டி போயிற்று என்று வைத்துக்கொண்டு அடுத்ததற்கு நிற்கலாம், பயப்படவேண்டியதில்லை.

பணம் கட்டியும் நாள் வீணாகிவிட்டது. புகார் செய்யலாமா?

கூட்டம் அதிகம் என்பதற்காகப் பணம் திரும்ப வராது. எக்ஸ்பிரஸ் டிக்கெட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு அந்த வசதியைத் தரவில்லை, விளம்பரத்தில் சொன்னது எதுவும் இல்லை என்பதுபோன்ற காரணம் இருந்தால் செய்யலாம். அன்றைக்கே விருந்தினர் சேவை முகப்பில் எழுத்தில் கொடுத்து நகல் வாங்குங்கள். தீரவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை. டிக்கெட், ரசீது, நேரத்தோடு எடுத்த படம் மூன்றும் பத்திரமாக இருக்கட்டும்.

நாங்களே பள்ளிக் குழுவைக் கூட்டிப்போகிறோம். மற்றவர்களுக்குத் தொல்லை தராமல் எப்படி நடத்துவது?

இதைக் கேட்கிற ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் பெருகவேண்டும். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பலவும் ஆண்டுக்கொரு சுற்றுலா போகின்றன, கோயில் இளைஞர் குழுக்கள் தனி.

எண்பது பிள்ளைகளை ஒரே கூட்டமாக நடத்தாதீர்கள். பத்துப் பேருக்கு ஒரு பெரியவர் என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் பூங்காவின் வெவ்வேறு மூலையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். நாள் முடிவில் எல்லாப் பிள்ளைகளும் கூடுதல் ரைடு போயிருப்பார்கள், யாருடைய வரிசையையும் அடைத்திருக்கமாட்டார்கள். இடம்பிடித்து வைப்பது கூடாது என்று பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். பாட்டும் கைதட்டலும் பஸ்ஸில் இருக்கட்டும், வரிசையில் பேச்சு மட்டும். பின்னால் சின்னக் குடும்பம் நின்றால், "நீங்க முன்னாடி போங்க அக்கா" என்று வழிவிடப் பழக்குங்கள். நான்கு பேர் முன்னால் போவதால் எண்பது பேருக்கு இழப்பு ஒன்றுமில்லை. சாப்பாட்டைப் பதினொன்றரைக்கோ இரண்டு மணிக்கோ தள்ளுங்கள். பூங்காவிடம் எந்த நேரத்தில் எத்தனை பஸ் வருகிறது என்று முன்பதிவின்போதே கேட்டு, அதற்கேற்ப உங்கள் நேரத்தை மாற்றுங்கள்.

கெந்திங் என்றால் இன்னொரு பொறுப்பும் சேர்ந்துவிடும். 2013 ஆகஸ்ட் 21 அன்று அந்த மலைச்சாலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். ஆகவே திரும்பும் நேரத்தைத் தாராளமாக வையுங்கள். ஐந்து மணிக்குக் கிளம்பவேண்டுமென்றால் பிள்ளைகளிடம் நாலரை என்று சொல்லுங்கள். தாமதமாகிவிட்டால் வீட்டில் காத்திருக்கும் பெற்றோருக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள். ஓட்டுநரிடம் சீக்கிரம் போகச் சொல்லாதீர்கள். பஸ் நகருமுன் ஒவ்வொரு இருக்கையாக நடந்து இடுப்புப் பட்டை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், பட்டை இல்லாத பஸ்ஸை முன்பதிவு செய்யவே வேண்டாம்.